பயம் என்றால் நாய்

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் என் வயிற்றைப் பற்றியே பேசினார்கள். காலையில் பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிப்பதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் விடிந்ததிலிருந்தே வயிறு பிடித்துக்கொள்ளும். பட்டுக்கோட்டையில் இருந்த டாக்டர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்த் தொண்டை வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த "ஒன்றும் இல்லை" எங்கள் வீட்டில் இரண்டாகப் பிரிந்தது. உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாப்பாவின் அக்காவான மாமி, "அப்ப நடிக்கிறா" என்றார்.

எனக்கு ஆட்டிசம் என்று சிறுவயதிலேயே திருச்சியில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை என்னைப் பற்றி வீட்டில் நிறையக் கேள்விகள் இருந்தன. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்துவிட்டது. குக்கர் விசிலுக்கு ஏன் காதைப் பொத்துகிறாள்? ஆட்டிசம். விருந்தாளி வந்தால் ஏன் உள்ளே ஓடுகிறாள்? ஆட்டிசம். உட்கார்ந்த இடத்திலேயே ஏன் ஆடுகிறாள்? அதுவும் அதுதான். ஆகவே வாந்தியையும் அதே பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். ஓதிய தண்ணீர் குடித்தேன். கையில் கயிறு கட்டினார்கள். கயிறு மணிக்கட்டில் உராய்ந்தது பிடிக்காமல் பல்லால் கடித்து அறுத்துவிட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

வாப்பா ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாப்பாமார்கள் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். புது வீடுகள் எழும்பின. கிரானைட் தரை வந்தது. தொலைபேசிக் கடையில் வரிசையில் நின்ற காலம் போய், வீட்டுக்கே லேண்ட்லைன் வந்தது. பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் நடந்தது. நான் பள்ளிக்குப் போவது மட்டும்தான் நடக்கவில்லை.

முழு ஆண்டுப் பரீட்சைக்கு முன்னால் பிரின்சிபால் உம்மாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். நான் அங்கே இல்லாதது போலத்தான் அவர் பேசினார்.

"இவ்வளவு லீவு போட்டா பிளஸ் டூ எழுத எப்படிங்க அனுமதிக்கிறது? டிசி வாங்கிக்குங்க. வீட்ல வச்சுப் பாத்துக்குங்க. அந்தப் புள்ளைக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

உம்மா அதிகம் பேசாதவர். அன்றும் பேசவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் பர்தாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு எழுதணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு" என்று கேட்டார்.

"எழுதணும்."

"அப்ப எழுதுவ."

அடுத்த முறை தஞ்சாவூருக்குப் போனபோது வயிற்று டாக்டரிடம் உம்மா நேராகவே கேட்டார். "வயித்துல ஒன்னும் இல்லங்கிறீங்க. அப்ப எங்கதான் இருக்கு?"

அவர் மருந்துச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "வலி பொய்னு நான் சொல்லலம்மா. வயித்துல காரணம் இல்லன்னுதான் சொன்னேன். ஒருத்தரைப் பாருங்க" என்று ஒரு விலாசம் எழுதித் தந்தார்.

அப்படித்தான் நாங்கள் மேடத்திடம் போய்ச் சேர்ந்தோம். மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வீட்டின் முன்னறையையே ஆலோசனை அறையாக வைத்திருந்தார். உம்மா டாக்டர் என்று கூப்பிட்டதும், "நான் டாக்டர் இல்லங்க, சைக்காலஜிஸ்ட். ஊசி மாத்திரை எதுவும் கிடையாது" என்றார். நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுற்றும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தது.

"ஃபேன் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"ஆமா."

எழுந்து போய் நிறுத்தினார். சித்திரை வெயிலில் மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிறகு கேள்விகள் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும் என்று நான்கு பதில்கள். அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகப் பயமாக இருக்கிறதா? ஒருபோதும் இல்லை. புதிய ஆட்களைப் பார்த்தால் பயப்படுகிறாயா? ஒருபோதும் இல்லை. ஏதாவது கெட்டது நடந்துவிடும் என்று கவலைப்படுகிறாயா? ஒருபோதும் இல்லை. நான் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாமே எளிதான கேள்விகள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதே கேள்விகளை உம்மாவிடமும் தனியாகக் கேட்டார். உம்மா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் "எப்போதும்" என்றாராம்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டில் ஒருவரை நம்பியிருப்பார்கள். பெரும்பாலும் உம்மாவை. நான் பொய் சொல்கிறேன், அல்லது எனக்குக் கேள்வி புரியவில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். அது எனக்கு வசதியாக இருந்தது.

"பயம்னா என்ன?"

"நாய்."

"நாய் இல்லாதப்ப?"

"பயம் இல்ல."

"எந்த நாய்?"

"எங்க தெரு பழுப்பு நாய். சின்ன வயசுல துரத்துச்சு. அப்ப உம்மா, 'பயந்துட்டியா'ன்னு கேட்டாங்க. அதான் பயம்."

"ஸ்கூல்ல நாய் இருக்கா?"

"இல்ல. கேட்டு பூட்டியிருக்கும்."

"கவலைன்னா?"

"யாராவது மவுத்தானா வர்றது. நன்னா மவுத்தானப்ப எல்லாரும் கவலையா இருந்தாங்க. இப்ப யாரும் மவுத்தாகல."

நன்னா உம்மாவைப் பெற்ற வாப்பா, இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் சிரிக்கவில்லை. "நீ சொன்ன பதில் எல்லாமே உண்மை" என்றார். பிறகு உம்மாவிடம், "இந்தக் கேள்வியெல்லாம், மனசுல நடக்கிறதுக்கு உடனே பேர் வைக்கத் தெரிஞ்ச புள்ளைங்களுக்காக எழுதினதுங்க. இவங்க பொய் சொல்லல. நான்தான் வேற மாதிரி கேக்கணும்" என்றார்.

அவர் என்னை "இவங்க" என்று சொன்னதை நான் கவனித்தேன். அதுவரை என்னை யாரும் மரியாதை போட்டுச் சொன்னதில்லை.

அதன் பிறகு மேடம் மனசைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. உடம்பைப் பற்றித்தான் கேட்டார். "நாளைக்குக் காலையில வேன் வருது. நீ யூனிஃபார்ம் போட்டு நிக்கிற. வயித்துல என்ன நடக்குது?"

"மிக்ஸி ஓடுது."

"எத்தனையில ஓடுது?"

இப்படி ஒரு நல்ல கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் வீட்டு மிக்ஸியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருகலாம். "எழுந்திரிக்கும்போது ஒன்னு. யூனிஃபார்ம் போட்டா ரெண்டு. ஹாரன் அடிச்சா மூணு. அப்புறம் மூடி தெறிச்சிடும்."

"மூடி தெறிக்கிறதுன்னா?"

"வாந்தி."

"கையில?"

"ஐஸ்தண்ணியில விட்ட மாதிரி."

"தூங்கும்போது மிக்ஸி நிக்குமா?"

"சனிக்கிழமை மட்டும்."

உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடம், "நீ ஆடுறியே, அது எப்ப?" என்று கேட்டார்.

"சந்தோஷமா இருந்தா முன்னாடி பின்னாடி. மிக்ஸி ஓடுனா பக்கவாட்டுல."

"யா அல்லாஹ்" என்றார் உம்மா. "ரெண்டும் ஒன்னுதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தோமே. ஏன்டி இத்தன வருஷமா சொல்லல?"

"யாரும் கேக்கல."

அது குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னேன். உம்மா என் கையைப் பிடிக்க வந்து, எனக்குப் பிடிக்காது என்று நினைவு வந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

பதற்றம் என்ற சொல்லை அன்றுதான் மேடம் எங்களுக்குத் தந்தார். ஆட்டிசம் வேறு, பதற்றம் வேறு என்றார். ஆட்டிசம் என்பது நான் இருக்கும் விதம், அதற்கு வைத்தியம் தேவையில்லை. பதற்றம் அப்படியில்லை, அது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது, அதைக் குறைக்க முடியும். ஒன்றின் நிழலில் இன்னொன்று ஒளிந்துகொண்டதால்தான் யாருக்கும் தெரியவில்லை என்றார். "ஆடுறதை நிறுத்தச் சொல்லாதீங்க. எந்தப் பக்கம் ஆடுறாங்கன்னு மட்டும் பாருங்க."

புறப்படும்போது, "அது என்ன, வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலேர்ந்தே ஓடுது?" என்று கேட்டார். உம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று தெரியவில்லை. "அப்ப நான் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன்" என்றார் மேடம்.

அவர் வந்த வெள்ளிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாப்பாவின் போன். அங்கே அவருக்கு விடுமுறை நாள். ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட்டு, போன் பூத் வரிசையில் நின்று இடம் கிடைத்ததும் கூப்பிடுவார். அது மாலை அஸர் தொழுகைக்கு வரலாம், இருட்டும் நேரம் மஃரிபுக்கு வரலாம். கூடத்தில் பூவேலை செய்த துணி விரித்து போனை வைத்திருப்பார்கள். மாமி வருவார், வாப்பாவின் தம்பி மனைவி சாச்சி வருவார், பக்கத்து வீட்டிலிருந்தும் வருவார்கள். எல்லோருக்கும் தேநீர் போகும். மணி அடித்ததும் ரிசீவர் கை மாறி மாறி, கடைசியில் என்னிடம் வரும்.

நான் பேசியதே இல்லை. ரிசீவரைக் காதில் வைப்பேன். "நல்லா இருக்கியாம்மா?" என்று வாப்பாவின் குரல் வரும். அதே குரல் ஒரு கணம் கழித்துத் தேய்ந்து இன்னொரு முறை வரும். எனக்கு எதுவும் வராது. ரிசீவரைக் கீழே போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன். என்னைக் கைக்குழந்தையாக விட்டுப் போனதால் புள்ளை தன்னை மறந்துவிட்டது என்று வாப்பா நம்பினார். லீவில் வரும்போதெல்லாம் பெரிய பெரிய சாக்லேட் டப்பாக்களோடு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று என்னைப் பார்ப்பார்.

மேடம் வந்து கூடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். மாமியோடு தென்னந்தோப்பைப் பற்றிப் பேசினார். அவரும் ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம்தான் என்று அன்றுதான் தெரிந்தது. நடுநடுவே என் பக்கம் திரும்பி, "எத்தனை?" என்று மட்டும் கேட்பார். நான் "ஒன்னு" என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தபோது "ரெண்டு" என்றேன். போன் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தேன். அஸர் தொழுகை முடிந்தும் மணி அடிக்கவில்லை. "மூணு" என்றேன்.

மணி அடித்தது. ரிசீவர் சுற்றி வந்து என் கைக்கு வந்தது. நான் அதைப் பூவேலைத் துணிமேல் வைத்துவிட்டு ஓடினேன். கொல்லையில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவித் திரும்பும்போது மாமி மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தீங்களா? பெத்த வாப்பா குரலைக் கேட்டு வாந்தி எடுக்குற புள்ளைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"குரலைக் கேட்டு இல்லைங்க. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே மூணு சொல்லிட்டாங்களே" என்றார் மேடம். பிறகு என்னிடம், "வாப்பாவைப் பிடிக்குமா?"

"பிடிக்கும்."

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"போன்ல எது பிடிக்கல?"

சொற்கள் அப்போது வரிசையாக வந்தன. ஏன் வந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "எப்ப அடிக்கும்னு தெரியாது. காலையிலேர்ந்து எப்ப எப்பன்னு இருக்கும். எல்லாரும் என் வாயைப் பாப்பாங்க. வாப்பா நல்லா இருக்கியான்னு கேப்பாங்க. எதுல நல்லா இருக்கியான்னு கேக்கறாங்கன்னு தெரியாது. யோசிக்கிறதுக்குள்ள அதே கேள்வி இன்னொரு தடவ வரும். வாப்பாவைப் பிடிக்கும். மணியைப் பிடிக்காது."

அப்போதுதான் உம்மா பார்த்தார். ரிசீவர் இன்னும் துணிமேல் கிடந்தது. யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. உம்மா எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் வாய் சிரித்தது. இரண்டும் ஒன்றாக வருவதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் கேட்டுட்டாங்க" என்றார் என்னிடம். "நீ பிடிக்கும்னு சொன்னதையும் வாப்பா கேட்டுட்டாங்க."

அடுத்த வாரத்திலிருந்து முறை மாறியது. வாப்பா முதலில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இரண்டு மணி அடித்து நின்றுவிடும். நான் தண்ணீர் குடித்துவிட்டு என் நாற்காலியில் உட்கார நேரம் விட்டு, பிறகுதான் உண்மையான அழைப்பு வரும். கூடத்தில் உம்மாவும் நானும் மட்டும் இருப்போம். மாமி முதலில் முறைத்துக்கொண்டார். பிறகு அவரே வாசலில் நின்று, வருகிறவர்களை, "அப்புறம் வாங்க, புள்ள பேசணும்" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்.

வாப்பா என்ன கேட்பது என்பதுதான் மிச்சமிருந்தது. "உனக்கு எதைப் பத்திப் பேசினா முன்னாடி பின்னாடி ஆடத் தோணும்?" என்று மேடம் கேட்டார். மேட்டூர் அணை என்றேன். ரேடியோவில் தினமும் அணையின் நீர்மட்டம் சொல்வார்கள். நீர்வரத்து, நீர் வெளியேற்றம், எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். நான் சுவருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை மிஸ்டு கால் வந்தது. தண்ணீர் குடித்தேன். மிக்ஸி இரண்டில் இருந்தது. மறுபடி மணி அடித்தது. எடுத்தேன்.

"வாப்பா பேசறேன்" என்றார். அவர் குரல் நடுங்கியது. அவருக்கும் மிக்ஸி ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது. "அணையில தண்ணி எப்படிம்மா இருக்கு?"

சொன்னேன். அன்றைய மட்டம், முந்தைய நாள் மட்டம், கர்நாடகத்திலிருந்து எவ்வளவு வருகிறது, கல்லணைக்கு எப்போது வரும், எங்கள் பக்கத்துப் புது ஆற்றில் எப்போது விடுவார்கள் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா பிறகு சொன்னார், நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தேனாம். வாப்பா குறுக்கே பேசவே இல்லை. நான் நிறுத்தியதும், "அடுத்த வாரமும் சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்."

வாந்தி வரவில்லை. நான் கொல்லைக்கு ஓடவில்லை. உம்மா சமையலறைக்குப் போய், யாரும் கேட்காமலே பாயசம் வைத்தார்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் பொய்த்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வாப்பாவின் அறையில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று ஊரில் நிலத்தை விட்டுவிட்டுப் போனவர்கள். சில வாரங்களில் வாப்பா, "கொஞ்சம் இரும்மா, மன்னார்குடி அண்ணன் கேக்கறாங்க, அந்தப் பக்கம் வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சான்னு" என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் சாச்சாவை விசாரிக்க வைத்து, அடுத்த வெள்ளி பதில் சொன்னேன். பிறகு வாப்பா ஸ்பீக்கர் உள்ள செல்போன் வாங்கினார். நான் பேசுவதை அறையே கேட்டது. அங்கே எத்தனை பேர் கேட்டாலும் அவர்களால் என் வாயைப் பார்க்க முடியாது, அதனால் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. வேதாரண்யத்துக்காரர் ஒருவர் மட்டும் மழை வரவில்லைதானே என்று கேட்டுச் சந்தோஷப்படுவார். அவர் வீட்டில் உப்பளம். மழை பெய்தால் உப்பு கரைந்துவிடும். மற்றவர்கள் அவரைத் திட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று நான் சொன்னதும் அந்த அறையில் எழுந்த கூச்சலில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சத்தம் எனக்கு ஆகாது. அன்று ஆயிற்று.

போன் சரியானதும் மேடம் பள்ளிக்கு வந்தார். தான் பார்த்ததை எல்லாம் பிரின்சிபாலிடம் விளக்கினார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிங்க மேடம். ஆனா பரீட்சை அன்னைக்கு மறுபடியும் வயித்து வலின்னு நடிச்சா நாங்க என்ன செய்யறது?" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "சார், என் வயிறு நடிக்கல" என்றேன். "அது பதற்றம். மூணு நம்பர் இருக்கு. ரெண்டுல இருக்கும்போது நான் வெளிய போயிட்டு வந்தா மூணு வராது. மூணு வந்தாத்தான் வாந்தி. நீங்க என்னைய ரெண்டுல வெளிய விட்டா போதும்."

பிரின்சிபால் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "இந்தப் புள்ள இவ்வளவு பேசுமா?" என்றார்.

"கேட்டா பேசுவாங்க சார்" என்றார் உம்மா. அதிகம் பேசாத உம்மா.

அன்று ஒத்துக்கொண்டார்கள். முதலில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, காலியான வகுப்பில் போய் உட்கார்ந்து பழகினேன். பிறகு ஒரு பாடவேளை, பிறகு காலை முழுவதும். வேன் டிரைவரிடம் சொன்னதும் அவர் எங்கள் முனையில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டார். இவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது அது. மிக்ஸி நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில வாரங்கள் நன்றாகப் போகும், திடீரென்று ஒரு காலையில் யூனிஃபார்ம் போட முடியாது. அப்போதெல்லாம் உம்மா "ஏன்" என்று கேட்பதில்லை. "எத்தனை?" என்றுதான் கேட்பார்.

பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தைய நாள் ஹாலைப் பார்த்து வந்தேன். என் இடம் ஜன்னலோரம். வேதியியல் அன்று கேள்வித்தாளைத் திருப்பியதும் கை ஐஸாகியது. பேனாவைக் கீழே வைத்தேன். பக்கவாட்டில் ஆடினேன். மேற்பார்வை ஆசிரியைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஆடிக்கொண்டிருந்தேன். மிக்ஸி இரண்டில் நின்றது. ஒன்றுக்கு இறங்கியது. பேனாவை எடுத்தேன்.

ரிசல்ட் அன்று உம்மாவும் நானும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். கூட்டம் கடைக்கு வெளியே வரை நின்றது. உம்மா என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் என்னிடம் மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. கடைத்தெருவில், எல்லோரும் பார்க்க, முன்னும் பின்னும் ஆடிக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. மாமி மாலைக்குள் தெரு முழுவதும் சர்க்கரை கொடுத்து, "எங்க புள்ள வேதியியல்ல எடுத்த மார்க்கைப் பாத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நடிப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. முதல் மாதம் சாச்சா கூடவே பஸ்ஸில் வந்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை நான் தனியாக ஏறினேன். முன் இருக்கை, ஜன்னலோரம். எல்லாம் தெரிந்த வழி. பாப்பாநாடு தாண்டியதும் எஞ்சினில் ஏதோ சத்தம் வந்தது. வண்டி ஓரமாக நின்றுவிட்டது. "எல்லாரும் இறங்குங்க, வண்டி போவாது" என்றார் கண்டக்டர்.

இது எந்த ஒத்திகையிலும் இல்லை. இரண்டு பக்கமும் வயல், நடவு முடிந்து பச்சையாக நின்றது. மிக்ஸி ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கூட்டத்தை விட்டுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்று பக்கவாட்டில் ஆடினேன். ஒரு பெண் என்னை வினோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். இரண்டிலேயே நின்றது. மூன்றுக்குப் போகவில்லை. கண்டக்டரிடம் போனேன்.

"அடுத்து என்ன நடக்கும்?"

"பின்னாடி வர்ற வண்டியில ஏத்திவிடுறேன்மா. இதே டிக்கெட்டுதான்."

"எங்க நிக்கணும்?"

"இங்கயே நில்லு."

நின்றேன். வண்டி வந்தது. உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோ இடிக்க, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர் வரை நின்றுகொண்டே போனேன். இறங்கும்போது வயிற்றில் காலையில் சாப்பிட்ட இடியாப்பம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வகுப்பு தொடங்கியிருந்தது. வாசலில் நின்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஏன் லேட்?" என்று கேட்டார் பேராசிரியை.

"பஸ் பாதி வழியில நின்னுடுச்சு மேடம். வேற பஸ் மாறி வந்தேன்."

"சரி, வந்து உக்காரு."

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.